எழுதியபடியே படிக்கும் மொழியா இத்தாலியம்?



அண்மையில் பெற்றோர் சந்திப்பில் ஒரு தந்தையார் என்னிடம் வாதிட்டார். "இத்தாலியத்தை எழுதியபடியே படிக்கலாம். தமிழிலோ ஒரே ககரத்துக்கு மூன்று ஒலி. இக்குறையுள்ள எழுத்தோடு என் மகள் ஏன் போராட வேண்டும்?" என்றார். ஆறாம் ஆண்டோடு தமிழை நிறுத்திவிடுவதென முடிவும் செய்திருந்தார். அன்று நேரமில்லை, இன்று மறுமொழி எழுதுகிறேன்.

இத்தாலியச் சொல்லில் ஏதேனும் ஓர் அசை அழுந்தி ஒலிக்கும். எந்த அசை என்பதை எழுத்து பெரும்பாலும் காட்டுவதில்லை. பல அசைகள் கொண்ட சொல்லில் இறுதி அசை அழுந்தினால்தான் குறியிடுதல் கட்டாயம். 'ஏன்' எனப் பொருள்படும் 'பெர்கே' அத்தகையது. ஈற்றயல் அசை அழுந்துவதே மிகுதி. ஆயினும் மேசையைக் குறிக்கும் 'தாவொலோ'வில் ஈற்றிலிருந்து மூன்றாம் அசையும், 'தொலைபேசுகிறார்கள்' என்னும் பொருளுடைய 'தெலேஃபொனனோ'வில் நான்காம் அசையும் அழுந்தும்.

இதனால் விளையும் இடரைப் பாருங்கள். முதலசையை அழுத்திக் 'காபிதனோ' என்றால் 'நிகழ்கின்றன' என்று பொருள். மூன்றாம் அசையை அழுத்திக் 'கபிதானோ' என்றால் படைத்தலைவன். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, குறி ஏதுமில்லை! நம் குறில் நெடில் கொண்டு எழுதினால் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. எகரத்துக்கும் இதே கதைதான். 'பெஸ்கா' என்பதில் வாயை அகலத் திறந்தால் பீச் பழம், குறுக்கினால் மீன்பிடித்தல். (இத்தாலியரிலேயே பலர் இதைப் பிரித்து ஒலிப்பதில்லை என்பது வேறு.)

சொல்லாக்கத்திலும் அழுத்தம் ஓரிடத்தில் நில்லாது. நூலுக்கு 'லீப்ரோ'. சிறுமை விகுதி சேர்ந்தால் 'லிப்ரெத்தோ', பெருமை விகுதி சேர்ந்தால் 'லிப்ரோனே'. பகுதியை விட்டு அழுத்தம் விகுதிக்குத் தாவிவிடுகிறது. விகுதி போலத் தோன்றி ஏமாற்றுவனவும் உள. 'புர்ரோ' வெண்ணெய், 'புர்ரோனே' பெரிய வெண்ணெய் அன்று, மலைப்பள்ளம்! இத்தகைய போலிகளை இத்தாலியப் பிள்ளைகள் பள்ளி இலக்கணத்தில் தனியே படிக்கின்றனர். அசை பிரிக்கவும் தொடக்கப்பள்ளியிலேயே பழகுகின்றனர். இரட்டை மெய்யைப் பிரித்து நொன்-னோ (தாத்தா) என்பர். 'பாஸ்தா'வையோ பா-ஸ்தா எனப் பிரிப்பர். இதையெல்லாம் எவரும் வீண்சுமை என்று ஒதுக்கக் காணோம்.

நம் ககரத்துக்கு வருவோம். பக்கம், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் அதன் ஒலியை அது நிற்கும் இடமே சொல்லிவிடுகிறது. கடன்சொற்களில் இவ்விதி தளர்வது உண்மையே; 'பஸ்' என்பதன் பகரத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆனால் இத்தாலியப் பிள்ளை தன் சொந்தச் சொற்களையே அவ்வாறு கேட்டு அறிய வேண்டியிருக்கிறதே! அங்கே அது மொழியின் இனிமை, இங்கே மட்டும் எழுத்தின் குறையா?

அடுத்த சந்திப்புக்கு அத்தந்தையார் வரும்போது, அந்தப் படைத்தலைவன் சொல்லை இத்தாலிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பேன். எழுதியபடியே அவர் படித்துக் காட்டட்டும்.