தகுதி மட்டும் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணித மாணவர் ஒருவர்)

"நன்றாகப் படி; மற்றவை தாமாக வரும்." நம்மில் பலர் கல்லூரிக்குப் புறப்பட்டபோது வீட்டில் கேட்ட அறிவுரை இது. ஊரில் வேறொரு குரலும் கேட்கிறது: "ஆள் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது." முதற்சொல், தகுதி இருந்தால் தனியாகவே உயர்ந்துவிடலாம் என்று நம்மை நம்பச் செய்கிறது. இரண்டாவது சொல், சிபாரிசு இல்லையேல் தகுதி செல்லாக்காசு என்று நம்மைச் சோர்வடையச் செய்கிறது. இரண்டுமே பாதி உண்மைகள் என்பது என் கருத்து. பட்டம் நம்மை அலுவலக வாசல் வரை கொண்டு சேர்க்கும். உள்ளே சென்ற பிறகு நம்மை வளர்ப்பவை நம் உழைப்பும், அந்த உழைப்பை அருகிலிருந்து அறிந்தவர்களின் தோழமையுமே ஆகும்.

தோழமை என்றவுடன் சிலர் முகம் சுளிக்கலாம். "காக்காய் பிடிப்பதற்குப் புதுப்பெயரா?" என்றும் கேட்கலாம். இல்லை நண்பர்களே, இரண்டும் வேறு வேறு. நான் கணிதம் பயில்பவன். ஆதலால் கணித மேதை இராமானுஜன் வாழ்விலிருந்தே இதற்குச் சான்று காட்ட விரும்புகிறேன்.

ஏழை எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். உலகப்புகழ் வந்தது என்றுதான் அவர் கதையை நாம் கேட்டிருக்கிறோம். இடையில் ஓர் அலுவலகம் இருந்ததை மறந்துவிடுகிறோம். எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்ற இராமானுஜன், 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ்.நாராயண ஐயர் கணித ஈடுபாடு மிக்கவர். மாலை வேளைகளில் இருவரும் அமர்ந்து கற்பலகையில் கணக்குப் போட்டனர். இராமானுஜன் பல படிகளை ஒரே தாவலில் தாண்டிவிடுவார். நாராயண ஐயரோ, பிறருக்கும் விளங்க வேண்டுமானால் இடைப்பட்ட படிகளையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் இந்த இளைஞரின் திறமையில் அக்கறை கொண்டார். 1913 ஜனவரி 16ஆம் நாளிட்ட கடிதம் ஹார்டிக்குச் சென்றது. அடுத்த மாதமே, வானிலை ஆய்வுத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் இராமானுஜனின் கணக்குகளைப் பார்வையிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். பட்டம் பெறாத அந்த எழுத்தருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இதில் காக்காய் பிடித்தல் எங்கே இருக்கிறது? குறிப்பேடு முன்னே சென்றது. பரிந்துரை பின்னே வந்தது. அருகிலிருந்து கண்டவர்கள் தொலைவில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். செய்யாத வேலைக்குச் சான்று தேடுவது சிபாரிசு. செய்த வேலைக்குச் சாட்சி கிடைப்பது தோழமை.

ஆனால் இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இராமானுஜனுக்குத் தொடக்கத்தில் கைகொடுத்த நம் நாட்டு அன்பர்கள் பெரும்பாலும் அவருடைய சமூகத்தையே சேர்ந்தவர்கள். கல்வியும் பதவியும் அன்று பெரிதும் அந்த வட்டத்துக்குள் இருந்தன. ஏழையே ஆனாலும் அவ்வட்டத்தின் கதவைத் தட்ட அவரால் முடிந்தது. என்னைப் போன்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு எந்த வட்டம் இருக்கிறது? நேர்முகத் தேர்வுக்கு எப்படிச் செல்வது, துறைத்தேர்வை எப்போது எழுதுவது, பதவி உயர்வுக்கு எது வழி என்று கேட்க வீட்டில் ஆளில்லை. சிலருக்குச் சாப்பாட்டு வேளையில் தந்தையின் பேச்சிலேயே கிடைத்துவிடும் செய்தி, நமக்குப் பல்லாண்டுப் பணிக்குப் பின்னரே தெரிய வருகிறது. பிறப்பால் கிடைக்காததைப் பழக்கத்தால் தேடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு உண்டு.

அது இயலுமா? இயலும் என்பதற்கு ஓர் ஆய்வு துணை நிற்கிறது. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரை அடுத்த ஒரு புறநகரில் புதிதாக வேலை மாறியவர்களை விசாரித்து, 1973ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 100க்கு 17 பேர்தாம். எப்போதாவது அல்லது அரிதாகச் சந்தித்தவர்களே 83 பேர். நெருங்கியவர்கள் நாம் அறிந்ததையே அறிந்திருப்பார்கள். முன்பு உடன் பணியாற்றியவரோ புதிய இடத்தின் செய்தியைக் கொண்டு வருவார். ஆகவே பெரிய உறவினர் இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. நம் வேலையை அறிந்த நாலு பேர் நாலு இடங்களில் இருந்தால் போதும்.

நம் வீடுகளுக்கும் இது புதிதன்று. என் தந்தை ஒரு கொத்தனார். சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவர். மூத்த கொத்தனார் ஒருவர் தேநீர் வேளையில் தம் கரணையை அவர் கையில் கொடுத்து ஒரு வரி செங்கல் வைக்கச் சொல்வாராம். தூக்குக்குண்டு விடவும் மட்டம் பார்க்கவும் தந்தை அப்படித்தான் கற்றார். எத்தனையோ சித்தாட்கள் இருக்க, அவரை ஏன் தேர்ந்தார்? சொல்லாமலே செங்கல்லை நனைத்து வைத்து, சாந்து தீருமுன் அடுத்த சட்டியுடன் வந்து நின்றதால்தான். இன்றும் பெரிய வேலை வந்தால் இருவரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்கள்.

அலுவலகத்திலும் நெறி அதுவே. தெரியாததைக் கூசாமல் கேட்க வேண்டும்; கேட்டதைக் குறித்துக்கொண்டு, மறுமுறை அதையே கேளாதிருக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுமே என்று மேலாளரின் அறைக்கு வெளியிலேயே நின்றுவிடக் கூடாது. மேலே உள்ளவரை மட்டுமன்றி, பதிவறை உதவியாளரையும் ஆய்வகப் பணியாளரையும் மதிக்க வேண்டும். கோப்பு எங்கே தேங்கும், கருவி எப்போது பழுதாகும் என்பதை அவர்களே அறிவார்கள். பிறர் செய்த வேலையை அவர் பெயராலேயே சொல்ல வேண்டும். புறங்கூறிப் பெறும் நெருக்கம், நம்மைப் பற்றியும் அவ்வாறே பேசும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வள்ளுவர் நட்பையும் நட்பாராய்தலையும் பெரியாரைத் துணைக்கோடலையும் பொருட்பாலில் வைத்தார். கூடா நட்புக்கும் அங்கேயே தனி அதிகாரம் வகுத்தார். நட்பு வெறும் மனமகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. தொழிலுக்கும் வாழ்வுக்கும் உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இக்கல்லூரியில் பயின்று இன்று பணியில் இருப்போரின் பதிவேடு ஒன்று துறைதோறும் வைக்கப்பட வேண்டும். பருவத்துக்கு ஒருவரையேனும் வகுப்பறைக்கு அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். விழா மேடையும் மாலையும் வேண்டா. முதல் மாதச் சம்பளத்தைப் பற்றியும் முதல் ஆண்டுச் சங்கடங்களைப் பற்றியும் அவர்கள் மனம் திறந்து சொன்னால் போதும்.

மாணவத் தோழர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நாளை நம்மில் ஒருவர் ஓர் அலுவலகத்தில் நுழைந்தால், கதவைப் பின்னால் சாத்திவிடக் கூடாது. இராமானுஜனிடம் நாராயண ஐயர் கேட்டது இடைப்பட்ட படிகளைத்தானே? நாம் ஏறிய படிகளையும் ஒன்று விடாமல் எழுதிக் காட்டுவோம். பின்னால் வரும் தம்பி தங்கையர் தடுமாறாமல் ஏறட்டும்.