ஒருநாட் செலவு

'செலவு' என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இருபொருள் உண்டு. கைப்பொருள் கரைவதும் செலவு. ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்வதும் செலவு. பழந்தமிழ்ப் புலவர் இரண்டாவது பொருளிலேயே அச்சொல்லைப் பெரிதும் ஆண்டனர். இந்நாளில் பள்ளிகள்தோறும் நடைபெறும் சுற்றுலாக்களை நோக்கினாலோ, முதற்பொருளே மேலோங்கி நிற்கக் காண்கிறோம். இரவெல்லாம் பேருந்தில் கண்விழித்து, நெடுந்தொலைவு சென்று, ஏரியில் ஒருமுறை படகேறி, கடைத்தெருவில் கைப்பொருளைக் கரைத்து, மறுநாள் இரவு மீண்டும் கண்விழித்து வீடு சேர்வதே சுற்றுலா என்று கருதப்படுகிறது. சென்று வந்த மாணவரிடம் கண்டது யாது என்று வினவினால், குளிராக இருந்தது என்பதே விடையாக வருகிறது.

தொலைவிலுள்ள ஊர்களைக் காண்டல் குற்றம் என்று யான் கூறவில்லை. அணித்தே உள்ளவற்றைக் காணாமல் தொலைவுக்கு ஓடுதலே பொருந்தாது என்கிறேன். யான் கற்பித்த மாணவருள் பலர் உதகையின் மலர்த்தோட்டத்தைக் கண்டவர். ஆயினும் தம் ஊரினின்று ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய திருத்தங்கல் குன்றின்மேல் ஏறாதவர். இக்கரைக்கு அக்கரைப் பச்சை என்பது பழமொழி. அப்பச்சையை நாடிச் செல்வோர்க்கு இக்கரையின் சிறப்புப் புலப்படுவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தார் தம் நிலத்தைப் பற்றித் தாமே குறைத்துப் பேசும் இயல்புடையர். "எங்கள் ஊரில் என்ன உள்ளது? கரிசல் மண்ணும் வேலிக்கருவையும் வெயிலுமே உள்ளன. காண்பதற்குக் கோட்டை உண்டா, கொத்தளம் உண்டா?" என்று கேட்பர். இவ்வினாவுக்கு விடை கூறுவதே என் நோக்கம்.

முதற்கண் விருதுநகரையே எடுத்துக்கொள்வோம். விருதுபட்டி என முன்னர் வழங்கிய இவ்வூர் 1923ஆம் ஆண்டில் விருதுநகர் எனப் பெயர் பெற்றது. 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர் காமராசர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கி, ஏழைச் சிறுவர்க்குப் பள்ளியிலேயே பகலுணவு வழங்கிய அப்பெருந்தகை வாழ்ந்த எளிய இல்லம் இன்று அரசின் நினைவிடமாக உள்ளது. மாளிகையைக் காணும் எண்ணத்தோடு செல்வோர் ஏமாறுவர். சிறிய தெருவில் உள்ள சிறிய வீடு அது. அச்சிறுமையே அங்குக் கற்க வேண்டிய பாடம்.

அதே ஊரில் நினைக்கத்தக்க மற்றொருவர் சங்கரலிங்கனார். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடுதல் முதலிய கோரிக்கைகளை முன்வைத்து, 1956ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் விருதுநகரில் அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். 76 நாள் நோன்பிருந்து, அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் விரும்பிய பெயர் 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றாடம் நம் நாவில் வழங்கும் ஒரு பெயருக்கு விலையாக ஓர் உயிர் கொடுக்கப்பட்டது என்பதனை அவர்தம் மணிமண்டபத்தின் முன் நிற்கும் மாணவன் உணர்வான். நூலில் படிக்கும்போது அது ஒரு செய்தி. அவ்வூர் மண்ணில் நின்று கேட்கும்போது அது ஒரு கடமை.

இனி, சிவகாசிக்கு அணித்தேயுள்ள திருத்தங்கலைக் காண்போம். ஆழ்வார்களால் பாடப்பெற்ற நின்ற நாராயணப் பெருமாள் கோயிலும், கருநெல்லிநாதர் எனப்படும் சிவபெருமான் கோயிலும் இவ்வூரின் ஒரே குன்றில் அமைந்துள்ளன. சங்கப் புலவர் சிலருடைய பெயர்களுக்கு முன் அடையாக நிற்கும் 'தங்கால்' இவ்வூரே என்பர். சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் இவ்வூரைப் பற்றி ஒரு வரலாறு கூறப்பட்டுள்ளது. மதுரை எரியுண்ட பின்னர், மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு அதனை உரைக்கின்றது.

சோழநாட்டுப் பராசரன் என்னும் அந்தணன் சேரனிடம் பெரும்பொருள் பெற்று மீளும் வழியில் தங்காலில் இளைப்பாறினான். அங்கு விளையாடிய சிறுவருள், வார்த்திகன் என்பானுடைய மகன் மழலை மாறாத வாயினால் மறையினைப் பிழையின்றி ஓதக் கேட்டு மகிழ்ந்து, அணிகலன்களை அவனுக்குப் பரிசாக வழங்கிச் சென்றான். வறியவன் வீட்டில் திடீரெனப் பொன் தோன்றவே, அது புதையலாகக் கிடைத்த அரசுப்பொருள் என்று ஐயுற்ற காவலர் வார்த்திகனைச் சிறையில் அடைத்தனர். அவன் மனைவி கார்த்திகை நிலத்தில் விழுந்து புலம்பினாள். அந்நேரம் கொற்றவை கோயிலின் கதவம் திறவாதாயிற்று. பாண்டியன் நடுங்கி, நாட்டில் நேர்ந்த முறைகேடு யாது என ஆராய்ந்தான். உண்மை அறிந்ததும் வார்த்திகனை விடுவித்து, பொறுத்தருள வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். அதனோடு அமையாமல், சிறையிலிருந்த பிறரையும் விடுவித்து, புதையல் கிடைக்கப்பெற்றார்க்கே அது உரியது என்றும் பறையறைவித்தான்.

மாணவர்களே! ஏழை ஒருவனைக் காவலர் ஐயுற்றதும், அரசனே முன்வந்து பிழை பொறுக்க வேண்டியதும் ஆகிய இவ்வரலாறு நம் பேருந்துகள் நாள்தோறும் கடந்து செல்லும் ஊரின் வரலாறு. அக்குன்றின்மேல் ஏறிநின்று ஆசிரியர் ஒருவர் இக்கதையைக் கூறுவாராயின், நீதி என்னும் சொல்லின் பொருள் அன்று விளங்குவது போல வகுப்பறையில் விளங்குமோ?

திருத்தங்கலினின்று சிறிது தொலைவில் திருவில்லிபுத்தூர் உள்ளது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய இவ்வூரின் கோபுரம் 11 நிலைகளைக் கொண்டு, ஏறத்தாழ 190 அடி உயர்ந்து நிற்கிறது. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இலங்குவது இக்கோபுரமே என்று பல்லாண்டுகளாகக் கூறப்பட்டு வருகிறது. ஆடிப்பூரத்தன்று ஓடும் பெருந்தேரைப் பல்லாயிரவர் கூடி இழுப்பர். கோபுரத்தை அண்ணாந்து நோக்கிய பின், மேற்கே மலைப்பக்கம் திரும்பிச் செண்பகத்தோப்பு நோக்கிச் செல்லுதல் நன்று. 1988ஆம் ஆண்டில் இம்மலைக்காடு சாம்பல்நிற அணிலுக்குரிய சரணாலயமாக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அவ்வணில் மரத்துக்கு மரம் தாவி வாழும் இயல்பினது. ஆகலின் கிளையோடு கிளை பின்னிய காடு அதற்கு இன்றியமையாதது. இடையில் மரங்களை வெட்டினால் அதன் வழி அறுந்துபோகும். கரிசல் நிலத்துக் கண்மாய்கள் பலவற்றுக்கு நீர் தரும் ஓடைகளும் இம்மலைகளிலேயே பிறக்கின்றன. அணிலைக் காப்பாற்றும் காடே உழவனையும் காப்பாற்றுகிறது என்பதனை மாணவர் அங்குக் கண்ணாற் காண்பர். காட்டாற்றின் இயல்பை அறியாது அதில் இறங்குதல் மட்டும் கூடாது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரிக்குச் சென்றோர் சிலர் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தமை மறக்கத்தக்கதன்று. வனத்துறையினரின் இசைவும் அறிவுரையும் பெற்றே மலைப்பகுதிக்குச் செல்லல் வேண்டும்.

பழமையை நாடுவோர் வெம்பக்கோட்டைக்குச் செல்க. வைப்பாற்றின் கரையில் விசயகரிசல்குளத்து மேட்டில் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழாய்வைத் தொடங்கினர். சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் உருவங்களும் விளையாட்டுக் காய்களும் அங்கு வெளிப்பட்டன. கடலில் பிறந்த சங்கு, கடலினின்று நெடுந்தொலைவிலுள்ள கரிசல் மேட்டில் வளையலாகக் கிடப்பது எவ்வாறு? யார் கொணர்ந்தார்? யார் அறுத்தார்? எந்தக் கை அதனை அணிந்தது? இவ்வினாக்களைத் தாமே எழுப்பக் கற்ற மாணவர் பிற்காலத்தில் வரலாற்றாசிரியர் ஆவர். எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்றவர்க்கு அம்மேடே தக்க மறுமொழி.

கோட்டையைக் காண விழைவோர் சாத்தூரைக் கடந்து தெற்கே செல்வாராக. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த இல்லமும், கல்கியின் பெருமுயற்சியால் எழுந்து 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் உள்ளன. ஒட்டப்பிடாரத்தில் வ. உ. சிதம்பரனார் பிறந்த இல்லம் உள்ளது. அதற்கு அணித்தே பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையையும் ஆங்கிலேயர் வென்று தரைமட்டமாக்கினர். இன்று அங்கு நாம் காண்பது 1974ஆம் ஆண்டில் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையே. பழங்கோட்டை இல்லையே என வருந்துதல் வேண்டா. பகைவர் ஒரு கோட்டையை ஏன் அடையாளமும் எஞ்சாதபடி அழித்தனர் என எண்ணிப் பார்த்தால், அவ்வெற்றிடமே பேசத் தொடங்கும்.

மேனாடுகள் பலவற்றில் இடிந்த கோட்டைச் சுவர் ஒன்றாயினும் அதனைச் சுற்றிப் புல்வெளி அமைத்து, விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று கண்டு, மாலையில் வீடு திரும்புகின்றனர். அப்பழக்கமே அச்சுவர்களைக் காக்கின்றது. காண்பார் இல்லாத பொருளைக் காப்பாரும் இல்லை. நம் குன்றுகள் கல்லுக்காக உடைக்கப்படுவதும், மண்டபத் தூண்களில் ஆணியால் பெயர் கீறப்படுவதும், நீர்நிலைகள் குப்பைமேடாவதும் நாம் அவற்றைக் காணச் செல்லாமையின் விளைவே. அண்மைச் செலவை வற்புறுத்துவதற்கு இதுவே தலையாய காரணம்.

சிவகாசியைக் குறிப்பிடாமல் இக்கட்டுரையை முடித்தல் முறையாகாது. மழை குறைந்த இந்நிலத்தில் பிழைப்புக்கு வழி தேடி, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டில் அதனை இங்குத் தொடங்கினர். பட்டாசும் அச்சும் அதன்வழி வளர்ந்தன. வறண்ட வெயிலையே மூலதனமாக்கிய ஊர் இது. பட்டாசு ஆலையின் உள்ளே மாணவரை அழைத்துச் செல்லுதல் கூடாது. அது வேடிக்கை பார்க்கும் இடமன்று. ஓர் அறையில் பற்றிய தீ மற்றோர் அறைக்குத் தாவாதிருத்தற்பொருட்டே, ஒன்றினின்று ஒன்று விலகிய சிற்றறைகளில் சிலர் சிலராக அமர்ந்து தொழிலாளர் பணிபுரிகின்றனர். அவ்வாறிருந்தும் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆலைகளின் வெளியே, சாலையில் நின்றவாறே ஆசிரியர் இவற்றை எடுத்துரைக்கலாம். தீபாவளி இரவில் வானில் மலரும் ஒளிப்பூவின் பின்னே எத்தனை கைகள் உள்ளன என்று அறியாத பிள்ளை, எத்தனை கோட்டைகளைக் கண்டும் பயன் என்னை?

ஒருநாட் செலவையே யான் பரிந்துரைப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் உழைப்போரின் பிள்ளைகள் இம்மாவட்டத்துப் பள்ளிகளில் மிகுதியாகப் பயில்கின்றனர். தொலைதூரச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும் நாளில், "எனக்கு உடல்நலம் இல்லை, நான் வரவில்லை" என்று பொய்க்காரணம் கூறி ஒதுங்கும் பிள்ளைகளை ஆசிரியர் அனைவரும் அறிவர். அப்பொய்யின் பின்னே உள்ளது வறுமை. காலையில் புறப்பட்டு, கட்டுச்சோற்றை உண்டு, விளக்கு வைக்கும் முன்னர் வீடு சேரும் செலவுக்கு அத்துணைப் பொருள் வேண்டா. வகுப்பு முழுவதும் செல்ல இயலாத சுற்றுலா கல்வியாகாது. அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கே.

ஒருநாளில் என்ன கற்க இயலும் எனச் சிலர் வினவலாம். ஒரே நாளில் பத்து இடங்களைக் காண முயன்றால் ஒன்றும் கற்க இயலாது என்பது உண்மையே. ஆகலின் ஒரு செலவுக்கு ஓர் இடம், மிகுந்தால் இரண்டு இடம் போதும். செல்லும் முன்னர் அவ்விடத்தின் வரலாற்றை வகுப்பில் படித்தல் வேண்டும். சென்ற இடத்தில் ஊர்ப் பெரியோர் ஒருவரிடமேனும் உரையாடுதல் வேண்டும். நூலில் இல்லாத செய்திகள் அவர் நாவில் இருக்கும். மீண்ட பின்னர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தம் சொற்களில் எழுதுதல் வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை இவ்வாறு சென்றால், ஆண்டுக்கு மூன்று இடங்கள். ஆறாம் வகுப்பினின்று பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பதினைந்து இடங்கள். தன் மாவட்டத்தில் பதினைந்து இடங்களைக் கண்டு, பதினைந்து கட்டுரைகளை எழுதிய மாணவனை, மண்ணறியாதவன் என்று எவரும் கூறார்.

தலைமையாசிரியர்கள் இதனை ஆண்டுத் திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். பெற்றோர், பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். மாணவர்களே, நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் ஊரினின்று நடந்தோ மிதிவண்டியிலோ பெரியோர் துணையுடன் சென்றடையக்கூடிய பழைய இடம் ஒன்றை இவ்வாரமே தெரிந்தெடுங்கள். அது பாழ்மண்டபமாக இருக்கலாம். கண்மாய்க்கரைக் கல்லாக இருக்கலாம். அய்யனார் கோயிலாக இருக்கலாம். அதன் பெயர் யாது, அதனை எழுப்பியவர் யார், அதனை இன்று காப்பவர் யார் என்று கேட்டறியுங்கள். விடை கூறுவார் ஒருவரும் இல்லையாயின், அதனைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்று அறியுங்கள்.