பட்டறையும் ஒரு பள்ளியே!

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம் முன்னோர் பழமொழி. மேடையில் பேசுவோரும் தேர்வுத்தாளில் கட்டுரை எழுதுவோரும் இதைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் புல்லை ஆயுதமாக்கத் தெரிந்த ஒருவர் நம் தெருவிலேயே எண்ணெய்க் கறை படிந்த கையோடு உட்கார்ந்திருந்தால், அவரை நாம் அறிவாளர் வரிசையில் சேர்ப்பதில்லை. மோட்டார் சைக்கிளைத் தாமே பழுதுபார்ப்பதற்காக வீட்டிலேயே கருவி செய்துகொள்வோரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "ஆண்டு மலருக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று நண்பர்கள் சிலர் நகைத்தார்கள். அந்த நகைப்புக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறி வீட்டில் பிறந்த பழக்கம்

சென்னிமலை என்றதும் மலைமேல் முருகன் கோயிலும், அதற்கு ஏறும் 1320 படிகளும், கைத்தறிப் போர்வைகளும், கொடி காத்த குமரன் 1904-இல் பிறந்த மண் என்ற பெருமையும் நினைவுக்கு வரும். இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது தன் கருவியைத் தானே செய்துகொள்ளும் மக்களின் ஊர். நாடா சரியாக ஓடவில்லை என்றாலும், விழுது இழுத்துக்கொண்டாலும், தறிக்காரர் அதற்காகக் கடைவீதிக்கு ஓடுவதில்லை. வளைத்த கம்பி ஒன்று, தேய்ந்த அரத்துண்டு ஒன்று, கைக்கு அடக்கமாகச் சீவிய மரக்கட்டை ஒன்று. இவற்றைக் கொண்டே காரியத்தை முடித்துவிடுவார். தறி நின்றால் அன்றைய கூலி நிற்கும். தேவையே அங்கு ஆசிரியர்.

அதே வீட்டுத் தாழ்வாரத்தில் பிற்காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. ராஜ்தூத், எஸ்டி, புல்லட் என்று தொடங்கிய அந்த வரிசை, 1980-இல் வந்த டி.வி.எஸ். 50, 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று வளர்ந்தது. இன்றும் நூல் மூட்டை ஏற்றிச் செல்பவருக்கும், பெருந்துறை சிப்காட்டுக்கோ ஈரோட்டுக்கோ வேலைக்குப் போகிறவருக்கும் வண்டிதான் கால். மலைப்பாதையில் ஏறும்போது கிளட்ச் நழுவினால் அவருக்கு அது வெறும் எரிச்சல் இல்லை. மறுநாள் வேலைக்கு எப்படிப் போவது என்ற கவலை. தறிக்குக் கருவி செய்த கை வண்டிக்கும் கருவி செய்யத் தொடங்கியதில் வியப்பென்ன?

என்னென்ன கருவிகள்?

கேட்டவர் வியக்க வேண்டும் என்பதற்காக அன்று. அதிலுள்ள அறிவு விளங்க வேண்டும் என்பதற்காகச் சிலவற்றை விளக்குகிறேன்.

கிளட்ச்சைக் கழற்ற வேண்டுமானால் நடுநட்டைத் திருக வேண்டும். திருகினால் நட்டோடு சேர்ந்து அதன் மையமும் சுற்றும். அதைப் பிடித்து நிறுத்தக் கம்பெனி ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறது. வீட்டுப் பட்டறைக்காரர் என்ன செய்கிறார்? உள்பக்கம் பல் உள்ள, தேய்ந்து கழித்த இரும்புக் கிளட்ச் பிளேட் ஒன்றை எடுத்து, அதில் ஓர் அடி நீளப் பட்டை இரும்பை வெல்டிங் வைத்துக் கைப்பிடி ஆக்கிவிடுகிறார். பிளேட்டின் பல் மையத்தின் பல்லில் பொருந்திக்கொள்ளும்; கைப்பிடி ஓரிடத்தில் முட்டி நிற்கும்; நட்டு கழன்று வரும். குப்பைக்குப் போக வேண்டிய பொருளே, தான் முன்பு வேலை செய்த இடத்திற்குக் காவலாக வந்து நிற்கிறது.

மேக்னெட்டைக் கழற்ற லேத்தில் மரை வெட்டிய ஓர் இரும்புத் துண்டும், அதன் நடுவே ஏறும் ஒரு போல்ட்டும் போதும். ஹேண்டில்பார் கோன் நட்டைத் திருகப் பட்டை இரும்பைக் காய்ச்சி வளைத்து, முனையில் ஒரு பல் விட்டால் கருவி தயார். ஆயில் சீலைக் கோணாமல் இறக்க, அளவான குழாய்த் துண்டு ஒன்று. அதைவிட நல்லது கழித்துப் போட்ட பேரிங்கின் வெளிவளையம்.

பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளப்பது எப்படி? முகச்சவர பிளேடு ஒன்றின் கனம் 0.1 மில்லிமீட்டர். நான்கு பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்தால் அளவுகோல் வந்துவிட்டது. பாயிண்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்றறிய இடையில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகி, இலேசாக இழுத்தபடியே மேக்னெட்டைச் சுற்றுவார்கள். தாள் விடுபடும் கணமே பொறி பிறக்கும் கணம்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் அலுமினிய உறையில் மரை போய்விடும். அளந்து முறுக்கும் ஸ்பேனர் விலை உயர்ந்தது. ஆனால் வில் தராசு மலிவு. ஸ்பேனரில் போல்ட்டின் மையத்திலிருந்து சரியாக 25 செ.மீ. தள்ளித் தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக 4 கிலோ காட்டும் வரை இழுங்கள். 0.25 பெருக்கல் 4, ஒரு கிலோகிராம்-மீட்டர். அதாவது ஏறத்தாழ 9.8 நியூட்டன்-மீட்டர். அநேகமாக எல்லா வண்டிகளிலும் அந்தச் சிறு போல்ட்டுக்கு இவ்வளவே போதும். நெம்புகோல் தத்துவத்தைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கிய நம்மில் எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

முன்னோடிகள்

கொங்கு நாட்டுக்கு இது புதிதன்று. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களின் வாழ்க்கை ஒரு மோட்டார் சைக்கிளில்தான் திரும்பியது. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டியைக் கண்டு மயங்கிய அந்த இளைஞர், கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அக்கக்காகக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். அதுவே அவர் படித்த பொறியியல். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டியதும், 1937-இல் பாலசுந்தரம் அவர்களோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியதும், சவரக் கத்தி முதல் பல பொருள்களைச் செய்து காட்டியதும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சியே. 1945-இல் அவர் முயற்சியால் எழுந்த ஆர்தர் ஹோப் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் படிப்பை ஆண்டுக்கணக்கில் இழுக்க வேண்டாம், கைவேலையைக் கூட்டிக் காலத்தைக் குறைக்கலாம் என்று அவர் வாதாடினார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பாலத்திற்குப் பெயர் வைத்தோம். அவர் காட்டிய பாடத்தைப் பாடத்திட்டத்தில் வைத்தோமா?

கடல் கடந்தும் பாருங்கள். நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்றோ 1920-இல் வாங்கிய இந்தியன் ஸ்கவுட் வண்டி மணிக்கு 88 கிலோமீட்டரே ஓடக்கூடியது. தம் கொட்டகையில் தாமே கருவி செய்து, பழைய தகரக் குவளைகளில் உலோகத்தை வார்த்துப் பிஸ்டன் செய்து, பழைய ஸ்போக்ஸ் கம்பியை அளவுகோலாகக் கொண்டு பல்லாண்டுகள் உழைத்தார். 1967-இல், தம் 68-ஆம் வயதில், அமெரிக்காவின் போனவில் உப்புப் படுகையில் அதே வண்டியை மணிக்குச் சுமார் 295 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

இலக்கிய மாணவர்களுக்கும் ஒரு சான்று. 1974-இல் வெளிவந்த ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்ற ஆங்கில நூலில், நண்பரின் விலையுயர்ந்த பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடையில் வைத்தால் சரியாகும் என்கிறார் கதை சொல்பவர். தகடு எல்லா வகையிலும் பொருத்தமானது. ஆயினும் நண்பருக்கு அது பிடிக்கவில்லை. தம் உயர்ந்த வண்டிக்குப் பீர் டப்பாவா என்று முகம் சுளிக்கிறார். பொருளின் குணத்தைப் பார்ப்பவர் ஒருவர், பொருளின் பெயரைப் பார்ப்பவர் மற்றவர். நம் நாட்டில் சாதியும் படிப்பும் சேர்ந்து இந்த முகச்சுளிப்பை இன்னும் ஆழமாக்கி வைத்திருக்கின்றன. கை அழுக்காவது தாழ்வு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

எதிர்வாதங்கள்

நிற்க. மறுப்போர் சொல்வதையும் கேட்போம்.

"ஆளுக்கொரு பட்டறை வைத்துக்கொண்டால் மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" என்பர். சமைக்கத் தெரிந்தவர்கள் பெருகியதால் ஓட்டல்கள் மூடப்படவில்லை. வேலையின் அருமை தெரிந்தவரே கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பார். ஒரு கிளட்ச்சைத் தானே கழற்றிப் பார்த்தவர், "இதற்கு இவ்வளவா?" என்று மெக்கானிக்கிடம் கேட்கமாட்டார்.

"வீட்டில் செய்த கருவி ஆபத்தானது" என்பர். இதில் உண்மை உண்டு. மூடி மறைக்கக் கூடாது. உளியை வைத்துச் சுத்தியால் தட்டி நட்டைக் கழற்றுவதைக் கருவி என்று யாரும் புகழ வேண்டாம். அது நட்டையும் கெடுக்கும், கையையும் கெடுக்கும். மேக்னெட்டைச் சுத்தியால் அடிப்பவர் அதை உடைப்பார், அல்லது கிராங்கைக் கோணலாக்குவார். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் கைவிடுவது மடமை. மண்ணெண்ணெயில் கழுவ வேண்டியதைப் பெட்ரோலில் கழுவுவது அதைவிட மடமை. பிரேக்கில் துணிச்சலுக்கு இடமே இல்லை; அங்கு சரியான பாகம், சரியான கருவி, தெரிந்த கை மூன்றும் வேண்டும். ஆகவே வீட்டுக் கருவிக்கு நான் சொல்லும் இலக்கணம் இது: பாகத்தைக் காயப்படுத்தாமல் கழற்ற வேண்டும், அதே வேலையை நூறாம் முறையும் செய்ய வேண்டும், முறிந்தாலும் ஆளை அடிக்கக் கூடாது. இம்மூன்றும் இல்லாதது கருவி அன்று, குறுக்குவழி.

"இனி இதெல்லாம் எதற்கு? வண்டிகள் மாறிவிட்டனவே!" என்பதே வலுவான வாதம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் பெரும்பாலும் எரிபொருள் பீய்ச்சும் முறையும் சென்சாரும் வந்துவிட்டன. மின்சார வண்டிகளும் பெருகுகின்றன. பழுதைக் கண்டறியவே கம்பெனியின் மின்னணுக் கருவி தேவைப்படுகிறது. ஆனால் இதுவே என் கட்சிக்கு வலுச் சேர்க்கிறது என்பேன். வண்டி என்னுடையது, அதைத் திறக்கும் சாவி இன்னொருவருடையது என்றால், நான் உரிமையாளனா, வாடகைக்காரனா? இக்கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு ஒன்றை அமைத்தது. எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனங்களும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆனால் உரிமையைச் சட்டம் கொடுத்தால் மட்டும் போதுமா? பயன்படுத்தத் தெரிந்த கை வேண்டாமா? மேலும் சென்சார் வந்தாலும் செயின் தேயும், பேரிங் இரையும், ஹேண்டில்பார் கோன் தளரும். பல்லும் மரையும் நெம்புகோலும் எந்த விதி வந்தாலும் ஓய்வு பெறப் போவதில்லை.

கல்லூரி என்ன செய்யலாம்?

குறை கூறிவிட்டு நின்றுவிடுவது மாணவருக்கு அழகன்று. மூன்று யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் கல்லூரியில் பயன்படாமல் கிடக்கும் ஓர் அறையைப் பட்டறையாக்கலாம். ஒரு வைஸ், சில அரங்கள், ஓர் ஆக்ஸா பிளேடு, ஒரு பழைய எஞ்சின். தொடக்கத்திற்கு இவ்வளவே போதும். வாரம் ஒருமணி நேரம், எந்தத் துறை மாணவரும் மாணவியும் வரலாம். மாணவியர் என்பதை அழுத்தியே சொல்கிறேன். வண்டி ஓட்டும் பெண்கள் வண்டியைத் திறந்து பார்க்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது, நம் ஊர்களில் முதிர்ந்த மெக்கானிக்குகளை விருந்தினராக அழைக்கலாம். சங்கத் தொடக்க விழாவுக்குச் சொற்பொழிவாளரை அழைத்துச் சால்வை போர்த்துகிறோமே, அந்தச் சால்வையில் ஒன்று எண்ணெய்க் கறை படிந்த தோளுக்கும் சேரட்டும்.

மூன்றாவது, தமிழ்த்துறையினர் இக்கருவிகளின் பெயர்களைத் திரட்டலாம். ஒவ்வொரு பட்டறையிலும் அவரவர் செய்த கருவிக்கு அவரவர் இட்ட பெயர் உண்டு. அவை எந்த அகராதியிலும் ஏறவில்லை. அக்கருவியைச் செய்தவர் கண் மூடினால் கருவி பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகும். பெயரும் அதோடு போகும். இயற்பியல் துறையினர் அவற்றின் பலத்தை அளந்து குறிக்கட்டும். பொருளியல் துறையினர் ஒரு குடும்பத்திற்கு அதனால் மிச்சமாகும் கூலியைக் கணக்கிடட்டும். ஆய்வுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. அது நம் தாழ்வாரத்திலேயே ஆணியில் தொங்குகிறது.

மாணவத் தோழர்களே! பட்டம் பெற்று வெளியேறும் நம்மில் பலருக்கு வேலை காத்திருக்கவில்லை என்பது எல்லோரும் அறிந்த உண்மை. பட்டறைப் பயிற்சி அதற்கு மாற்றாகிவிடும் என்று நான் பசப்பவில்லை. ஆனால் கெட்டுப்போன ஒன்றைக் கண்டு கைபிசையாமல், "இதற்கு எது இடம் கொடுக்கும்? என்னிடம் உள்ளதில் எது உதவும்?" என்று கேட்கும் மனம் எங்கே போனாலும் பிழைக்கும். அந்த மனத்தை வளர்ப்பதுதான் கல்வி என்றால், கழித்துப் போட்ட கிளட்ச் பிளேட்டுக்குக் கைப்பிடி வைத்தவரும் கற்றவரே; அவர் உட்கார்ந்திருக்கும் பட்டறையும் ஒரு பள்ளியே!