18 வயசுக்கும் அதே பிரீமியம்தான்... ஆனா 17 வயசுப் பையன் சாவியை எடுத்தா?

மகனுக்கோ மகளுக்கோ 18 முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்ததும், தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி இது: "இனிமே கார் இன்சூரன்ஸ் கூடுமா?" அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா போனில் பயமுறுத்தியிருப்பார். அங்கே டீன்ஏஜ் பிள்ளையின் பெயரை பாலிசியில் சேர்த்தாலே தொகை எகிறும். பிரிட்டனில் இளம் டிரைவர்கள் பிரீமியத்தைக் குறைப்பதற்காக, தாங்கள் எப்படி ஓட்டுகிறோம் என்று கண்காணிக்கும் கருவியையே காரில் பொருத்திக்கொள்கிறார்கள்.

இங்கே அந்தக் கவலை இல்லை. கட்டாயமான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸின் விலையை மத்திய அரசுதான் நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1,000 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094. 1,500 சிசி வரை ரூ.3,416. அதற்கு மேல் ரூ.7,897. ஜிஎஸ்டி தனி (சாலை அல்ல, வரி). ஓட்டுவது 18 வயதுப் பையனா, 50 வயது அப்பாவா என்ற கேள்வியே கிடையாது. சொந்த வண்டியின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பிரீமியம்கூட முக்கியமாக காரின் மதிப்பு, வயது, ஊர் ஆகியவற்றைப் பொறுத்ததுதான். புது டிரைவர் தூணில் உரசி க்ளைம் போட்டால், ஐந்து வருஷமாகச் சேர்ந்த 50 சதவீத நோ க்ளைம் போனஸ் போய்விடும். செலவு அங்கேதான் தெரியும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரீமியம் வயதைக் கேட்காததால், பாலிசியும் கேட்காது என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். "இன்சூரன்ஸ்தான் கட்டியாச்சே, கேம்ப் ரோடு வரைக்கும்தானே போறான்" என்று பிளஸ் டூ பையனிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். 16 வயதில் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே. டியூஷன் சென்டர் வாசல்களில் வரிசையாக நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ 110 சிசி, 125 சிசி.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், சொந்த வண்டிக்கான க்ளைம் நிராகரிக்கப்படும். அடிபட்டவருக்கான இழப்பீட்டை, பொதுவாக, கோர்ட் உத்தரவுப்படி கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டியின் ஓனரிடம் வசூலிக்கும். இதை 'பே அண்ட் ரெகவர்' என்கிறார்கள். உயிரிழப்பு என்றால் இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் என்று கணக்குப் போட்டுத் தொகை முடிவாகும். ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இறந்தால், அது ஒரு பிளாட்டின் விலையை எட்டலாம்.

"எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்பதும் எடுபடாது. 2011-ல் ஜவஹர் சிங் வழக்கில் ஓனர் அதைத்தான் சொன்னார். வண்டி தவறாகப் பயன்படுத்தப்படாமல் பார்த்துக்கொள்வது ஓனரின் பொறுப்பு என்ற உச்ச நீதிமன்றம், கம்பெனி அவரிடம் பணத்தை வசூலிப்பதை உறுதி செய்தது. 2019 சட்டத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு இன்னும் கடுமையானது. பெற்றோருக்கோ ஓனருக்கோ 3 ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

அதற்காக வெளிநாடுபோல் தேர்ட் பார்ட்டி கட்டணத்தை வயதுக்கு ஏற்ப ஏற்றுவது சரியாகாது. விலை கூடினால் ரெனியூ செய்யாமல் ஓட்டுபவர்கள்தான் பெருகுவார்கள். அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைப்பதும் கஷ்டமாகும். ஆனால் கம்பெனிகள் ரெனியூவல் மெசேஜில் தள்ளுபடியைக் கொட்டை எழுத்தில் காட்டுகின்றன. 'லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் பணம் உங்களிடம் வசூலிக்கப்படும்' என்பது மட்டும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பல பக்கங்கள் தள்ளி இருக்கிறது. அதைத் தமிழில் முதல் வரியாகப் போடச் சொல்லி ஐஆர்டிஏஐ கட்டாயப்படுத்தலாம். ஓட்டும் விதத்தைப் பொறுத்து ஓன் டேமேஜ் பிரீமியம் மாறும் திட்டத்துக்கு 2022 ஜூலையிலேயே அது அனுமதி கொடுத்துவிட்டது. நிதானமாக ஓட்டும் 19 வயதுக்காரருக்கு அது லாபம்தான்.

ஞாயிறு காலையில் முடிச்சூர் பக்கத்து லேஅவுட்களில் கார் பழகுகிறவர்களுக்கு ஒன்று. எல்எல்ஆர் இருந்து, 'எல்' போர்டு மாட்டி, பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருந்தால் பாலிசி செல்லும். காருக்கான எல்எல்ஆர் 18 முடிந்த பிறகுதான்.