கால்சியம் கூடினால் எலும்பு வலுக்குமா?

நாற்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி எலும்பு வலிக்கிறது என்று சொன்னால் போதும், நம் ஊரில் தீர்ப்பு தயார்: சுண்ணாம்புச் சத்து குறைச்சல். மருந்துக்கடைக்காரர் சீட்டுக்கூடக் கேட்காமல் கால்சியம் மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டுவார். பக்கத்து வீட்டு அக்கா கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சிபாரிசு செய்வார். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தப்பித்தவறிப் பார்த்து அது 11 என்று வந்தால் கூத்து இன்னும் பெரிது. “குறையவில்லையே, கூடத்தானே இருக்கிறது, நல்லதுதான்” என்று தாளை மடித்து பீரோவுக்குள் வைத்துவிடுகிறார்கள்.

அந்த 11 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா? உடம்பிலுள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் தேவையில்லாமல் கூடி நிற்பது பல நேரம் எலும்பிலிருந்து உருவி எடுத்தது. வீட்டு நகையை அடகு வைத்த பணம் கையில் புரள்வதைப் பார்த்து, குடும்பம் செழித்துவிட்டது என்று மகிழ்வதைப் போன்றது இந்த ஆறுதல்.

உருவி எடுப்பது யார்? கழுத்தில், தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ 40 மில்லிகிராம்தான். பெயரில் தைராய்டு ஒட்டிக்கொண்டிருப்பதால், “தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்” என்று சொல்லிப் பலர் இதையும் கணக்கில் முடித்துவிடுகிறார்கள். தைராய்டு டெஸ்டில் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு இந்தப் பாராதைராய்டுகளைப் பற்றி ஒரு தகவலும் தராது. இவற்றின் வேலையே வேறு. ரத்தக் கால்சியத்தை டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் வைத்திருக்க வேண்டும். இதயமும் நரம்பும் தசையும் அந்த அளவை நம்பித்தான் இயங்குகின்றன. அளவு இறங்கினால் பி.டி.எச். என்ற ஹார்மோன் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டியை முடுக்கிக் குடலை அதிகம் உறிஞ்ச வைக்கும். அளவு ஏறினால் சுரப்பி அடங்க வேண்டும். இந்தச் சுரப்பியில் நோய் வந்தவர்களுக்கு அது அடங்குவதில்லை. ஐந்தில் நான்கு பேருக்கு நான்கு சுரப்பிகளில் ஒன்றே ஒன்றில் புற்றுநோய் அல்லாத ஒரு சிறு கட்டி வளர்ந்து, தன் பாட்டுக்குச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆண்களைப்போல் மூன்று மடங்கு பெண்களுக்கு, அதிலும் மாதவிலக்கு நின்றவர்களுக்கு, இது அதிகம் வருகிறது. அசதி, மலச்சிக்கல், தாகம், மறதி, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். இந்தப் பட்டியலில் “வயசாச்சு” என்று தள்ளிவிட முடியாத ஒன்றாவது உண்டா?

இந்தத் தலைகீழ்ப் புரிதல் மருத்துவர்களையும் ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் யாக்கோப் எர்ட்ஹைம் என்ற நோய்க்கூறு வல்லுநர், எலும்பு மெலிந்து இறந்தவர்களின் உடலில் பாராதைராய்டு வீங்கியிருப்பதைக் கண்டார். எலும்பு கெட்டதால் அதைச் சரிக்கட்டச் சுரப்பி பெருத்தது என்பது அவர் முடிவு. அதே ஊரில் எலும்பு உருகி, தொடை முறிந்து, ஒரு டிராம் ஊழியர் வந்தார். அந்தக் கொள்கையை நம்பி அறுவை மருத்துவர் பெலிக்ஸ் மாண்டில் முதலில் என்ன செய்தார் தெரியுமா? சுரப்பி போதவில்லை என்று நினைத்து, விபத்தில் இறந்த ஒருவரின் பாராதைராய்டை அவருக்குள் பதித்தார். பயனில்லை. பிறகு 1925இல் கழுத்தைத் திறந்து பார்த்தபோது கட்டி இருந்தது. எடுத்தார். படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது உண்மை. ஆனாலும் எது காரணம், எது விளைவு என்பது அன்று தெளிவானது. நூறு வருஷம் ஆகிவிட்டது. நாம் இன்னும், கூடி நிற்கும் இடத்தில் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எர்ட்ஹைமை முழு முட்டாள் என்று சொல்ல மாட்டேன். வைட்டமின் டி குறைந்தாலும், சிறுநீரகம் நாட்பட்டுப் பழுதானாலும், அவர் சொன்னபடி சுரப்பி சரிக்கட்டத்தான் பெருக்கிறது. அங்கே பி.டி.எச். கூடியிருக்கும், கால்சியம் குறைவாகவோ சரியாகவோ இருக்கும். நம் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு மலிந்து கிடப்பதால் இந்த வகையையும் நிறையப் பார்க்கலாம். அதற்குப் பெரும்பாலும் கத்தி தேவையில்லை. ஆகவே கால்சியம், பி.டி.எச். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். கால்சியம் ஏறியிருக்கையில் பி.டி.எச். “நார்மல்” என்று வந்தாலும் சந்தேகம் தீராது; அந்த நேரத்தில் அது அடங்கிக் கிடந்திருக்க வேண்டும். அப்படி அடங்கியே இருந்தால் புற்றுநோயையோ, வாரம் ஒன்று குடிக்க வேண்டிய 60,000 யூனிட் வைட்டமின் டியைத் தினம் ஒன்றாகக் குடித்ததையோ தேட வேண்டும்.

சிறுநீரகக் கல் விஷயத்தில் நடப்பது இன்னொரு அபத்தம். இந்த நோயாலும் கல் திரும்பத் திரும்ப வரும். வாழைத்தண்டுச் சாறு குடி, பாலை நிறுத்து என்கிறார்கள். கல்லைக் கரைக்கவும் உடைக்கவும் காட்டும் வேகத்தில், ரத்தக் கால்சியத்தைப் பார்க்கக் கொஞ்சம் காட்டக் கூடாதா? இந்த நோய் உள்ளவர் பாலை நிறுத்தினால், உணவில் வருவது குறைய, பி.டி.எச். இன்னும் ஏறும், எலும்பு இன்னும் கரையும். சாதாரண மனிதர் சாப்பிடும் அளவு கால்சியத்தை அவரும் சாப்பிடலாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். வைட்டமின் டி குறைவாயிருந்தால் மருத்துவர் கண்காணிப்பில் மெதுவாக நிரப்ப வேண்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் தையசைடு, மனநோய்க்கான லித்தியம் ஆகியவையும் கால்சியத்தை ஏற்றும் என்பதால் அவற்றைச் சாப்பிடுவதை மறைக்கக் கூடாது.

“ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் நோயில்லை” என்பதும் தவறு. நோயை முடிவு செய்வது ரத்தப் பரிசோதனை. செஸ்டமிபி ஸ்கேனும் அல்ட்ராசவுண்டும் கட்டி எந்த இடத்தில் என்று அறுவை மருத்துவருக்கு வழிகாட்ட மட்டுமே. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் இந்த நோயால் ஏழு அங்குலம் குள்ளமாகிப்போனார். ஆறு அறுவைகளில் கிடைக்காத அவரது கட்டி, 1932இல் ஏழாவதில் மார்புக்குள் கிடைத்தது. அவரோ சில வாரங்களில் இறந்துபோனார்.

எல்லாருக்கும் உடனே அறுவை வேண்டியதில்லை. வயது 50க்குக் கீழே, கால்சியம் உச்ச வரம்புக்கு மேல் 1 மில்லிகிராமுக்கும் அதிகம், எலும்பு அடர்த்தி வெகுவாகக் குறைவு, முதுகெலும்பு முறிவு, சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயல்பாடு சரிவு: இவற்றில் ஒன்றிருந்தாலும் அறுவையே நல்லது. அடர்த்தி பார்க்கையில் முன்கையையும் சேர்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் அங்கேதான் அதிகம் அரிக்கிறது. மற்றவர்கள் வருடாவருடம் கால்சியத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம். சினகால்செட் மாத்திரை ரத்தக் கால்சியத்தை இறக்கும், எலும்பை மீட்காது. கைதேர்ந்தவர் செய்தால் அறுவையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறைகள் இருக்கின்றன.

கட்டி போன மறுநாளிலிருந்து, வருஷக்கணக்கில் இழந்த எலும்பு ரத்தத்திலிருந்து கால்சியத்தை வேகமாக இழுக்கத் தொடங்கலாம். உதடும் விரல் நுனியும் மரத்து, கை இழுத்துப் பிடிக்கும். நோய் முற்றியவர்களுக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும். இத்தனை நாள் காரணம் தெரியாமல் விழுங்கிய அதே கால்சியம் மாத்திரையை அப்போது வேளை தவறாமல், அளவு பார்த்துப் போட வேண்டும்.