காப்பாரில் பனி பெய்கிறதா?



இப்பதிவை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தயங்கினேன். சிலருக்கு இது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். சிலருக்குச் சினம்கூட வரலாம். வந்தாலும் பரவாயில்லை, மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் 'செல்லப் பிராணியைப் பேணும் முறை' என்னும் தலைப்பில் ஓர் இடுபணி கொடுத்திருந்தேன். திருத்துவதற்காக ஏடுகளை வீட்டிற்குக் கொண்டு வந்தேன். பதினோர் ஏடுகளில் ஏறக்குறைய ஒரே பத்தி. குளிர்காலத்தில் உறைபனியில் நடந்து வரும் நாயின் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டுமாம். விரல்களுக்கிடையே சிக்கிய பனிக்கட்டிகளை அகற்ற வேண்டுமாம். சாலையில் தூவிய உப்பு பாதத்தை அரிக்காதிருக்கக் காலணி அணிவிக்க வேண்டுமாம். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. மதிப்பெண் அட்டவணைப்படி பார்த்தால் குறைத்துப் போட வழியே இல்லை.

காப்பாரில் பனி எப்போது பெய்தது?

அடுத்த நாள் அப்படி எழுதிய ஒரு மாணவனை அழைத்தேன்.

"உங்க வீட்டுல நாய் இருக்கா, தம்பி?"

"இருக்கு டீச்சர். வாசல்ல கட்டி வெச்சிருக்கோம்."

"வாசல் மண்ணா, சிமெண்டா?"

"சிமெண்டு, டீச்சர்."

"மத்தியானம் வெயில் படுமா?"

சற்று யோசித்தான். "படும் டீச்சர். அப்போ அது காலை மாத்தி மாத்தித் தூக்கும்."

"அதை ஏன்ப்பா எழுதல?"

அவன் விழித்தான். "அதெல்லாம் எழுதலாமா, டீச்சர்?"

அந்தக் கேள்விதான் என்னை இப்பதிவை எழுத வைத்தது. அந்தச் சிறுவன் தன் கண்ணால் பார்த்திருக்கிறான். சூடு தாங்காமல் நாய் காலை மாற்றி மாற்றி ஊன்றுவதைக் கவனித்து மனத்தில் வைத்திருக்கிறான். ஆனால், அது அறிவு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இணையத்திலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ கிடைக்கும் கனடா நாட்டுப் பனிதான் அறிவு என்று எண்ணிவிட்டான். அப்படி எண்ண வைத்தவர்கள் யார்? நாம்தாம். 'அறிந்ததிலிருந்து அறியாததற்கு' என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். வகுப்பறைக்குள் வந்ததும் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். நம் பிள்ளைகள் அறியாததை எழுதுகிறார்கள், அறிந்ததை மறைக்கிறார்கள்.

இது வெறும் கட்டுரைச் சிக்கல் என்றால் விட்டுவிடலாம். அந்த நாயின் கால் உண்மையிலேயே வேகிறதே!

சற்று அறிவியலையும் பார்ப்போம். நாயின் பாதத்தில் வெப்பக் குருதியைக் கொண்டுசெல்லும் தமனியும், குளிர்ந்த குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகளும் மிக நெருங்கி அமைந்துள்ளன. அதனால் குளிர்ந்த குருதி உடலுக்குள் திரும்பும் முன்பே சூடேறிவிடுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இதை விளக்கினார்கள். அதாவது, பனியைச் சமாளிக்க இயற்கை நாய்க்கு ஓர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருக்கிறது. கொதிக்கும் தார்ச்சாலைக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. தாரும் சிமெண்டும் மனிதன் போட்டவை அல்லவா? காற்றின் வெப்பம் 31 பாகை செல்சியஸாக இருக்கும்போதே நேர்வெயில் படும் தார்ச்சாலை 60 பாகையை எட்டிவிடக்கூடும். அந்தச் சூட்டை நம் தோல் சில விநாடிகள்கூடத் தாங்காது. நாயின் பாதம் நம் தோலைவிடத் தடித்ததுதான்; ஆயினும் அதுவும் தோல்தான். நாய்க்கு வியர்ப்பதும் பெரும்பாலும் பாதத்தில்தான். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

நம் காப்பாரில் 31 பாகை என்பது அன்றாட நண்பகல்.

பிறரைக் குறை சொல்லும் முன் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈராண்டுகளுக்கு முன்பு, பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பாதி வழியில் அது சாலையோரப் புல்லில் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. பிடிவாதம் என்று நினைத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன், திட்டவும் செய்தேன். அன்றிரவு முழுவதும் அது பாதத்தை நக்கிக்கொண்டே கிடந்தது. காலையில் தூக்கிப் பார்த்தால் இரண்டு பாதங்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கால்நடை மருத்துவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்கள் செருப்பு போட்டிருந்தீர்களா?" இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அன்பைப் போதிக்கும் நான் தலை குனிந்து நின்றேன்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அங்கே எந்த நாய்க்கும் இந்தத் துன்பம் இருந்ததில்லை. பால்மரக் காட்டு நிழல், செம்மண் சாலை, லயத்து வீட்டின் படிக்கட்டடி என்று அது தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொண்டது. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்தன. மண் வாசல் சிமெண்டு வாசலாயிற்று. நாம் காலுக்குச் செருப்பு வாங்கிக்கொண்டோம். நாய் வெறுங்காலோடு நம் பின்னாலேயே வந்தது. வந்த நாயைச் சங்கிலியில் கட்டி, நிழலைத் தேடிப் போகும் உரிமையையும் பறித்துவிட்டோம்.

இன்னும் சிலர் பணத்தைக் கொட்டிச் சைபீரிய ஹஸ்கி வாங்குகிறார்கள். பனி நாட்டில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த நாய், நம் ஊர் மாடி வீட்டுச் சிமெண்டுத் தரையில் மூச்சிரைத்துக் கிடக்கிறது. இதற்குப் பெயர் பாசமா?

"மனிதனுக்கே ஆயிரம் துன்பம் இருக்கிறது, நாய்க்காக ஒரு பதிவா?" என்று கேட்பீர்கள். 2023-ஆம் ஆண்டு வெப்பத்தின்போது கல்வி அமைச்சு பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தி வைத்தது. பெற்றோர்களாகிய நாமும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் புட்டி கொடுத்தனுப்பினோம். மிகச் சரியான செயல். அதே நண்பகலில் வீட்டு வாசலில் கட்டிக் கிடந்த உயிரின் தண்ணீர்ச் சட்டியை எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்? வாசலில் துடிக்கும் காலைக் கண்டும் காணாமல் போகப் பழகிய பிள்ளை, நாளை வகுப்பில் பசியோடு அமர்ந்திருக்கும் நண்பனைக் காணுமா? கருணை இதற்கு இவ்வளவு, அதற்கு அவ்வளவு என்று அளந்து வைத்த சரக்கன்று. பழகப் பழகத்தான் வளரும்.

"தெருநாய்த் தொல்லை தெரியாமல் பேசுகிறீர்கள்" என்பாரும் உளர். நாயை அவிழ்த்து ஊர் சுற்ற விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உரிமம் எடுங்கள், வேலிக்குள் வையுங்கள், அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலிக்குள் நிழலும் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டம் கொடியவர்களுக்கு. நம்மில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர், கவனியாதவர்கள். கவனியாமையைப் போக்க வேண்டியது பள்ளியும் வீடும்தான்.

நன்னெறி வகுப்பில் நாம் தருமர் கதை சொல்கிறோம். தம்பியரும் திரௌபதியும் ஒவ்வொருவராக வீழ்ந்த பின்னும் இமயத்தில் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்றார் அவர். பிள்ளைகள் கண் கலங்கக் கேட்கிறார்கள். வீட்டுக்குப் போனால் வாசலில் அதே நாய். பைரவரின் வாகனம் என்று கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து, வாசலில் வெயிலில் கட்டுகிறோம்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை:

1. நாயை நடக்க அழைத்துச் செல்லுமுன் புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

2. காலை எட்டு மணிக்கு முன்பும், பொழுது சாய்ந்து தரை ஆறிய பின்பும் நடத்துங்கள். கூடியவரை புல்தரையில் நடத்துங்கள்.

3. வாசலில் நாள் முழுவதும் நிழல் விழும் இடத்தைக் காட்டுங்கள். சிமெண்டின் மேல் ஒரு சாக்கையோ பலகையோ போடுங்கள். தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கட்டும்.

4. பாதம் வெந்துவிட்டால் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டா. நக்கவிடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். அடுத்த முறை கட்டுரை கொடுக்கும்போது, "உன் வீட்டில் கண்டதை எழுது" என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். பிழைகள் கூடும். கூடட்டும், திருத்திக்கொள்ளலாம்.

அந்த மாணவனின் ஏட்டைத் திருப்பிக் கொடுத்து, மீண்டும் எழுதி வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். ஏழு பிழைகள். கடைசி வரியில், அப்பாவும் அவனும் சேர்ந்து வாசலில் பழைய தகரத்தால் ஒரு பந்தல் போட்டார்கள் என்றிருந்தது. தகரமும் சூடேறும், அதன் மேல் ஓலையோ சாக்கோ போடச் சொல் என்று பக்கத்தில் எழுதி, முழு மதிப்பெண் கொடுத்தேன்.

நம் ஊரின் பெயரே காப்பார். கால் கடுத்து நிற்கும் உயிரைக் காப்பார் இவ்வூரில் உண்டு என்று காட்ட வேண்டாவா?

சிந்திப்போம்.

அன்புடன்,
உங்களுள் ஓர் ஆசிரியை