பிடிக்காத பதிலைச் சொல்லவும் ஆய்வகத்துக்கு உரிமை வேண்டும்

மதிப்புக்குரிய மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



மருத்துவ ஆராய்ச்சித் துறை உங்கள் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிறுவனங்களுக்கான பணமும் உங்கள் வழியாகத்தான் நாடாளுமன்றத்தில் கேட்கப்படுகிறது. ஆகவே இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன். நான் கேட்பவை இரண்டு. பொதுச் சுகாதார ஆய்வுக்கு ஆண்டுதோறும் தடைபடாத நிதி வேண்டும். ஆய்வின் முடிவு அரசுக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் அது உரிய காலத்தில் மக்களுக்குத் தெரிய வேண்டும். பணம் மட்டும் வந்து, உண்மையைச் சொல்லும் உரிமை வராவிட்டால், அந்தப் பணத்தால் மக்களின் நோய் குறையப்போவதில்லை.

எங்கோ வெளிநாட்டில் நடந்ததைச் சான்றாகக் காட்ட வேண்டிய தேவை எனக்கில்லை. சென்னை சேத்துப்பட்டில், மேயர் சத்தியமூர்த்தி சாலையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் உங்களுடையதுதான். 1956-ல் ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்தான் இன்று அந்தப் பெயரில் இருக்கிறது. அதை முன்னின்று நடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். ஓய்வு, நல்ல காற்று, முட்டை, பால், செவிலியரின் கவனிப்பு என்று மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். படுக்கைகளோ சொற்பம். இடம் கிடைப்பதற்குள் இறந்துபோனவர்கள் எத்தனையோ பேர். மருந்துகள் புதிதாக வந்திருந்தன. அவற்றை வீட்டில் இருந்தே சாப்பிட்டால் நோய் குணமாகுமா என்பதுதான் அன்றைய கேள்வி. ஆகாது என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். ஒண்டுக் குடித்தனத்தில், அரை வயிற்றுக் கஞ்சியோடு, நெருக்கியடித்துப் படுக்கும் குடும்பத்தின் நடுவே ஒரு நோயாளி எப்படித் தேறுவார்? கூடவே குழந்தைகளுக்கும் அல்லவா தொற்றும்?

மையத்தார் இருநூறுக்கும் குறைவான நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். யார் சானடோரியத்துக்குப் போவது, யார் வீட்டில் இருப்பது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. மருத்துவரின் இரக்கத்துக்கோ நோயாளியின் செல்வாக்குக்கோ அதில் இடமில்லை. இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். முடிவு 1959-ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமாகியிருந்தார்கள். உடன் வாழ்ந்த குடும்பத்தாரைப் பிறகு ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை என்பதும் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். காசநோய் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று இன்று எந்த நாட்டில் யார் சொன்னாலும், அதன் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது.

இந்த முடிவு எல்லோருக்கும் இனித்திருக்காது. சானடோரியம் கட்ட நன்கொடை கொடுத்தவர்களும், அதில் வாழ்நாளைச் செலவிட்ட மருத்துவர்களும் இருந்தார்கள். ஆனாலும் முடிவு முடிவுதான் என்று அது அச்சேறியது.

இதைவிடக் கடினமான சோதனை பின்னால் வந்தது. சுதந்திரம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே நாடு முழுவதும் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கம் பெரும் அளவில் நடந்தது. 1955-ல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். ஆதரித்தவர்கள் அவரை அறிவியலுக்கு எதிரானவர் என்றார்கள். அவரோ மக்கள் மீது சோதனை நடத்துகிறார்கள் என்றார். இரு தரப்புக்கும் இல்லாமல் இருந்தது ஒன்றே: நம் மண்ணில், நம் மக்களிடம் அந்த ஊசி எவ்வளவு பலன் தருகிறது என்ற நேரடிச் சான்று. வாதத்தால் அது கிடைக்காது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கான ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு பி.சி.ஜி. ஊசியோ மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. எவருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு ஊர் ஊராக, ஆண்டாண்டாகப் போய், சளி எடுத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979-ல் வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவிட்டு 1999-ல் வெளியிட்ட அறிக்கையும் அதையே உறுதிசெய்தது. கோடிக்கணக்கானோருக்கு அரசே போட்டுக்கொண்டிருந்த ஊசி அது! அந்த எண்களை ஒரு கோப்பில் கட்டி அலமாரியில் வைப்பது மிக எளிதாக இருந்திருக்கும். வைக்கவில்லை. (பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, ஆகவே பிறந்ததும் போடும் ஊசியை எந்தப் பெற்றோரும் தவிர்க்கக் கூடாது.) உலகம் அந்த முடிவைக் கேட்டு அதிர்ந்தது, கேள்வி கேட்டது, கடைசியில் ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்ற தேடலுக்கு அது பெரிய உந்துதல். இந்திய அறிவியலின் மிகப் பெருமையான தருணங்களில் ஒன்றாக நான் அதை நினைக்கிறேன். பள்ளிப் பாடத்தில் அது இருக்க வேண்டும்.

அதே நேர்மை கொரோனா காலத்தில் எங்கே தடுமாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் பிளாஸ்மா சிகிச்சையை ஆராய்ந்தது. பெருந்தொற்றின் நடுவே, அவ்வளவு குறுகிய காலத்தில், குலுக்கல் முறையில் ஓர் ஆய்வை நடத்தி முடித்தது அரிய சாதனை. அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது: பிளாஸ்மா நோய் முற்றுவதையும் தடுக்கவில்லை, இறப்பையும் குறைக்கவில்லை. கண்டபடி கொடுக்க வேண்டாம் என்று நவம்பரில் ஐ.சி.எம்.ஆர். அறிவுறுத்தவும் செய்தது. ஆனால் தேசியச் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17-ம் தேதிதான்.

இடைப்பட்ட ஏழு மாதத்தில் இரண்டாம் அலை வந்துவிட்டது. உங்கள் கைப்பேசிக்கும் அந்தச் செய்திகள் வந்திருக்கும்: 'பி பாசிட்டிவ் பிளாஸ்மா அவசரம்', 'அப்பாவுக்கு ஆக்சிஜன் இறங்குகிறது, குணமானவர்கள் யாராவது கொடுங்கள்'. மகன்களும் மகள்களும் நடு இரவில் ரத்த வங்கி வாசலில் நின்றார்கள். கடன் வாங்கிப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. வாங்கித் தர முடியாததால்தான் அம்மா போய்விட்டாள் என்று இன்றும் குற்ற உணர்வோடு இருப்பவர்கள் உண்டு. அவர்கள் தேடிய பொருளால் பலனில்லை என்பதற்கான சான்று அரசின் கையிலேயே இருந்தது. விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் முதன்மை அறிவியல் ஆலோசகருக்குக் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீங்கியது. ஆய்வுக்கான பணம் சரியாகவே செலவானது; உழைத்தவர்கள் சரியாகவே உழைத்தார்கள். முடிவு வழிகாட்டிக்குப் போய்ச் சேரும் பாதையில்தான் அடைப்பு. அந்த அடைப்பு எங்கே, யாரால் ஏற்பட்டது என்று இன்றுவரை யாரும் பொதுவெளியில் விளக்கவில்லை. விளக்கியிருந்தால், அடுத்த பெருந்தொற்றில் அரசு சொல்வதை மக்கள் கூடுதலாக நம்புவார்கள்.

நம்பகமான ஆய்வு என்றால் ஒருபோதும் மாறாத விடை என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் சில நாட்கள் மட்டும், பணியாளர் முன்னிலையில் மருந்து விழுங்கும் முறைக்கு 1960-களில் அடித்தளம் போட்ட இடங்களில் சேத்துப்பட்டும் ஒன்று. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து உள்ளவர்களுக்குத் தினசரி மருந்தே மேல் என்று பல பத்தாண்டுகள் கழித்து ஒப்பிட்டுக் காட்டியதும் அதே நிறுவனம்தான். நாட்டின் திட்டமும் 2017-ல் தினசரி முறைக்கு மாறியது.

உணவு விஷயமும் அப்படித்தான். சானடோரியத்தின் நல்ல சாப்பாடு குணமாவதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று பழைய சென்னை ஆய்வு காட்டியது. மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் ஏழையும் பிழைப்பான் என்பது அதன் பொருள். ஆனால் சாப்பாடே தேவையில்லை என்று சிலர் அதைப் படித்துவிட்டார்கள். வேறொரு கேள்வியோடு டாக்டர் அனுராக் பார்கவா குழுவினர் ஜார்க்கண்டுக்குப் போனார்கள். 2,800 நோயாளிகளின் வீடுகள். உடன் வாழ்ந்தவர்கள் பத்தாயிரத்துக்கு மேல். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள்கள் போயின. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவு ஐ.சி.எம்.ஆர். பணத்தில் கிடைத்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசியின் வேலையைச் செய்கின்றன என்று இதற்குமுன் இவ்வளவு தெளிவாக யாரும் நிறுவியதில்லை. 2024-ல் உங்கள் அமைச்சகம் காசநோயாளிக்கான மாத உதவியை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கியது. குடும்பத்தாருக்கும் உணவுப் பொட்டலம் தர வழிசெய்தது. மனமார்ந்த நன்றி.

ஆய்வு திட்டமாக மாறியதற்கு இன்னொரு சான்று, 2022-ல் தொடங்கிய தமிழ்நாட்டின் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உடன் நின்றது. நோயைக் கண்டறிந்த உடனேயே மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உடல் மிக மெலிந்திருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எடை பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போன்ற சாதாரணக் கருவிகளே போதும். ஆபத்தில் இருப்பவரை விரைவாக மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இவ்வளவு எளிய முறைக்கும் பின்னால் இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏன், எப்போது என்று கணக்கிட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

இனி பணத்தைப் பற்றி. ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடுவது 2020-21 கணக்கின்படி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல் செலவிடுகிறது. 2023-ல் சட்டமான தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு நிதிக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் தனியாரிடமிருந்து, வரும் என்று கணக்கு. ஜார்க்கண்டில் அரிசி கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? நாற்பது ஆண்டு பழைய மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் போதுமா என்று பார்ப்பதில் யாருக்கு லாபம்? ஏழையின் நோய்க்கான கேள்விகளை அரசுப் பணத்தில்தான் கேட்க முடியும். வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருப்பதன் விளைவையும் பார்த்துவிட்டோம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, பல நாடுகளில் காசநோய் ஆய்வுகள் நடுவழியில் தடுமாறின.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் பேரை இங்கே அந்த நோய் கொல்கிறது. 2025-க்குள் ஒழிப்போம் என்ற இலக்கு கடந்துபோய்விட்டது. அடுத்த இலக்கை அறிவிப்பதற்கு முன், அதை எட்டத் தேவைப்படும் ஆய்வுகளுக்குப் பத்தாண்டு நிதியை ஒரே தடவையில் உறுதிசெய்யுங்கள். பதினைந்து ஆண்டுகள் நடந்த செங்கல்பட்டு ஆய்வைப் போன்ற ஒன்றுக்கு, ஊர் ஊராகப் போகும் நிலையான பணியாளர்கள் வேண்டும். மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத ஒப்பந்தப் பணியாளரைக் கொண்டு ஒரு கிராமத்தைப் பத்தாண்டு பின்தொடர முடியாது.

மருந்துச் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். முடிவையும் அதே பதிவேட்டில், ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள், வெற்றியோ தோல்வியோ, பதிவேற்றுவதைக் கட்டாயமாக்குங்கள். அரசுப் பணம் பெறும் ஆய்விலிருந்து தொடங்கலாம். சிகிச்சை வழிகாட்டியில் ஒரு மருந்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும், எந்தச் சான்றின் பேரில், எந்தக் குழு, எந்தத் தேதியில் முடிவெடுத்தது என்பதை அதோடு சேர்த்தே வெளியிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 2024-ல் உங்கள் அமைச்சகம் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு மறுபடியும் பி.சி.ஜி. ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கியது. முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்தவர்கள் எனப் பலர் நம்பி அதில் கைநீட்டியிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது, பழைய முடிவை மறுபடி சோதிப்பதில் தவறே இல்லை. அந்த ஆய்வின் திட்ட வரைவையும், முடிவு வெளியாகும் தேதியையும் இப்போதே மக்கள் முன் வையுங்கள். ஊசி பலன் தந்தால் நாடு மகிழும். தரவில்லை என்றால், அந்த எண்களையும், வெற்றியை அறிவிக்க ஏறியிருக்கும் அதே மேடையிலிருந்து நீங்களே படித்துச் சொல்லுங்கள்.


சென்னையிலிருந்து ஒரு குடிமகன்